வாடகைப் பாறையில் செதுக்கும் எழுத்து

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் மணலை வாரிச் சென்றபோது, கல்வெட்டுள்ள பாறையொன்று வெளிப்பட்டது. அதன் துணைகொண்டு இந்தியத் தொல்லியல் துறை 2005இல் அங்கு ஒரு முருகன் கோயிலையே அகழ்ந்தெடுத்தது. மணலுக்கடியில் பல நூற்றாண்டுகள் கிடந்தும் எழுத்து அழியவில்லை.

ஜியோசிட்டிஸை 1999இல் யாகூ வாங்கியது. 2009 அக்டோபரில் மூடியது. ஆர்வலர்கள் முயன்று சேமித்தவை போக, மற்றவற்றை எந்த அலை மீட்டுத்தரும்?

எழுத்துத்தளம் சிறிதாயிருக்கையில் அதற்கு எழுத்தாளன் தேவை. வளர்ந்து முதலீட்டாளர் வந்தபின் வாசகனின் நிமிடங்களே தேவை. 2014இல் பெங்களூரில் தொடங்கிய பிரதிலிபி தமிழில் ஏராளமானோரை எழுதவைத்தது, அது நற்பணியே. 2021இல் கிராஃப்டன் என்னும் தென்கொரிய விளையாட்டு நிறுவனம் அதில் முதலிட்டது. இன்று அங்கே சந்தாவும் நாணயங்களும் உண்டு. எழுதுவோர் ஈட்டுவதில் எவருக்கும் மனத்தாங்கல் வேண்டாம். ஆனால் அத்தியாயத்துக்கு அத்தியாயம் காசு புழங்குமிடத்தில் கதை முடிய மறுக்கும், சிறுகதை ஒதுங்கிப்போகும்.

வார இதழ்த் தொடர்களும் அப்படித்தானே என்பர் சிலர். உண்மைதான். ஆனால் இதழ் நின்ற பின்னும், வாசகர் கிழித்துத் தைத்துக் கட்டுமம் செய்த பிரதி பரணில் இருந்தது. பூட்டிய அத்தியாயத்தை எந்தப் பரணில் வைப்பது?

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர் உழைப்பால் நூல்களை மின்னுருவாக்கி, எவரும் படியெடுத்துக்கொள்ளத் தந்தது. நாளை அத்தளம் மறைந்தாலும் நூல்கள் பிழைக்கும்.

எனவே நண்பர்களே, விரும்பிய தளத்தில் எழுதுங்கள், ஈட்டுங்கள். மூலப்பிரதியும் உரிமையும் மட்டும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.