வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்

மனை வாங்கப் போன இடத்தில் ஒரே தரகர் என்னிடம் இரண்டு முறை சாதி கேட்டார். முதல் முறை, ஒரு மனையை எனக்குத் தராமல் இருப்பதற்காக. இரண்டாம் முறை, ஒரு மனையை என் தலையில் கட்டுவதற்காக.

ஆய்வு உதவித்தொகையில் மிச்சம் பிடித்தது, அப்பாவின் ஓய்வுப் பணம், அம்மா சீட்டுக் கட்டிச் சேர்த்தது என்று கையில் கொஞ்சம் பணம் இருந்தது. எங்கள் குடும்பத்தில் ஒருவர் பெயர் கிரயப் பத்திரத்தில் ஏறப்போவது இதுதான் முதல் முறை. செங்கல்பட்டுப் பக்கம் தேடினோம். "சொந்த ஊர்ல எந்தத் தெரு தம்பி?" என்று கேட்டார் தரகர். சொன்னேன். மறுநாளே, ஊருக்குள் பார்த்து வைத்திருந்த மனைக்கு "வேற ஆள் அட்வான்ஸ் குடுத்துட்டாங்க" என்றார். இரண்டு மாதம் கழித்தும் 'விற்பனைக்கு' என்ற பலகை அங்கேயே நின்றது.

தனியார் ஒருவர் சாதி பார்த்து விற்க மறுத்தால் நேரடியாகப் பிடிக்க நம்மிடம் சட்டம் இல்லை. குறிப்பிட்ட ஒரு சமூகத்தாருக்கு மட்டுமே இடம் என்ற வீட்டுவசதிச் சங்க விதியை 2005-இல் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது.

பிறகு அதே தரகர், ஊருக்கு வெளியே ஒரு லேஅவுட்டில் விலை குறைந்த மனை ஒன்றைக் காட்டினார். இந்த முறை ஆவணங்களைப் பார்ப்பதென்று உட்கார்ந்தேன். அப்போது நான் கேட்ட கேள்விகளைத்தான் இப்போது நண்பர்கள் என்னிடம் கேட்கிறார்கள்.

பட்டா இருந்தால் போதுமா? போதாது. பட்டா வருவாய்த்துறையின் பதிவு. அது மட்டுமே உரிமையைத் தந்துவிடாது. மூலப்பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரை பத்திரங்களின் சங்கிலி அறுபடாமல் வர வேண்டும். இடையில் யாராவது இறந்திருந்தால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். குறிப்பாக மகள்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-இலும் நாடாளுமன்றம் 2005-இலும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தின.

பவர் பத்திரத்தை நம்பலாமா? பவர் கொடுத்தவர் உயிரோடு இருந்து, பவர் ரத்தாகாமல் இருந்தால், பவர் வாங்கியவர் அவர் சார்பில் கிரயம் எழுதித் தரலாம். ஆனால் பவர் பத்திரமே கிரயம் ஆகிவிடாது. இதை உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

செலவு? தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. நாங்கள் அம்மா பெயரில் பதிய நினைத்திருந்தோம்.

வில்லங்கச் சான்று 30 வருடத்துக்குப் பார்த்தால் போதுமா? வழக்கறிஞர் போதும் என்றார். அதில் பதிவான பரிவர்த்தனைகள் மட்டுமே வரும். பதிவாகாத உயிலோ வாய்மொழிப் பாகப்பிரிவினையோ வராது. நிலம் முதன்முதலில் யாருக்கு, எந்த நிபந்தனையோடு கொடுக்கப்பட்டது என்பதும் வராது.

என் ஆய்வு வருவாய் ஆவணங்கள் தொடர்பானது. அந்தப் பழக்கத்தில், அந்தப் புல எண்ணைப் பழைய 'அ' பதிவேட்டில் தேடினேன். குறிப்புக் கலத்தில் 'டி.சி.' என்று இரண்டு எழுத்து இருந்தது. 'டிப்ரஸ்டு கிளாஸ்' என்பதன் சுருக்கம். பஞ்சமி நிலம்.

தரகரிடம் சொன்னேன். அவர் அதிர்ச்சியடையவில்லை. "நீங்க எஸ்.சி. தானே தம்பி? அப்ப உங்களுக்குச் செல்லும். மத்தவங்களுக்குத்தான் சிக்கல்" என்றார்.

இந்தப் பாதி உண்மையைப் புரிந்துகொள்ள 1892-க்குப் போக வேண்டும். செங்கல்பட்டு மாவட்டப் பறையர்களின் நிலை குறித்து அங்கு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. முதல் 10 ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கக் கூடாது. அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வருவாய் வாரிய நிலையாணை 15 இந்த நிபந்தனைகளைச் சொல்கிறது. அரசு கொடைக்கு விதித்த நிபந்தனை செல்லும் என்றது 1895-ஆம் ஆண்டின் அரசு கொடைகள் சட்டம். இப்படி ஒதுக்கப்பட்டது சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் நீண்ட காலமாகச் சொல்லிவருகின்றன.

ஆகவே நான் வாங்கலாம் என்பது உண்மை. ஆனால் விற்பவர் பட்டியல் சாதிக்காரர் இல்லையே. நிபந்தனையை மீறி வாங்கியவருக்கு நிலத்தில் உரிமையே வரவில்லை. தன்னிடம் இல்லாத உரிமையை அவர் எப்படி எனக்கு விற்க முடியும்? 'தெரியாமல் வாங்கிவிட்டேன்' என்ற வாதமும் இங்கே காப்பாற்றாது. களவு போன நிலத்தைச் சுத்தமாக்க என் சாதிச் சான்றிதழ் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

இது எப்படி எல்லோர் கண்ணிலிருந்தும் தப்பியது? கடனுக்கு ஈடாகவும், மிரட்டலிலும், வெற்றுத்தாள் கைநாட்டிலும் கைமாறிய நிலங்கள் பல. அந்தக் கைமாற்றங்கள் பெரும்பாலும் 30 வருடக் கணக்குக்கு முந்தியவை. 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். பதிவுச் சீரமைப்பில் புல எண்கள் மாறின, அனுபவத்தில் இருந்தவர் பெயருக்குப் பட்டாக்கள் போயின, பழைய குறிப்புகள் பல இடங்களில் புதிய பதிவேட்டுக்கு வரவே இல்லை. இணையத்தில் நாம் இறக்கிப் பார்ப்பது அந்தப் புதிய பதிவேட்டைத்தான்.

1994 அக்டோபரில் செங்கல்பட்டில், காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரிய போராட்டத்தின் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமசும் ஏழுமலையும் கொல்லப்பட்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் அவர்களுக்கு வீரவணக்கப் பதிவு போடுகிறோம். அதே மாவட்டத்தில்தான் வங்கிக் கடன் போட்டு மனையும் தேடுகிறோம்.

அதனால் இதைப் படிக்கும் நண்பர்களிடம், நீங்கள் எந்தச் சாதியில் பிறந்திருந்தாலும், ஒன்று கேட்கிறேன். முன்பணம் கொடுக்கும் முன், யூ.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். பழைய புல எண்ணையும் புதிய புல எண்ணையும் ஒப்பிடுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள். டி.சி. என்று இருந்தால் வாங்காதீர்கள். வாங்காமல் விலகுவதோடு நிறுத்திவிடாமல், அந்த நகலோடு மாவட்ட ஆட்சியருக்கு மனுக் கொடுங்கள். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய நிலத்தை அபகரிப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் குற்றம்.

நான் கொடுத்த 50 ஆயிரம் ரூபாய் முன்பணம் திரும்பி வரவில்லை. மனுவுக்கும் இன்னும் பதில் வரவில்லை. அம்மா பெயரில் பத்திரமும் இல்லை.

அந்த லேஅவுட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் காலனி இருக்கிறது. மனுவில் எழுத விவரம் கேட்கப் போனபோது, ஒரு பாட்டி வேலிக் கல்லைக் காட்டி, "அது எங்க மாமனார் கேவுரு போட்ட கொல்லை" என்றார். அவரிடம் எந்தப் பத்திரமும் இல்லை. யாரும் இறக்கிப் பார்க்காத பதிவேட்டில் அந்த இரண்டு எழுத்து மட்டும் இருக்கிறது.