ஆளுக்கு வரம்பு, வீட்டுக்கு இல்லை

ஆளுநர் என்றால் நம் நாட்டில் மேலிருந்து அனுப்பப்படுபவர். மாவட்டத்தை ஆளும் கலெக்டரும் தேர்வு எழுதித் தேறி வந்த அதிகாரியே. இவ்விருவரையும் நாம் வாக்களித்து அமர்த்துவதில்லை, வாக்களித்து அகற்றவும் முடியாது. பிலிப்பைன்ஸ் நாட்டில் நிலைமை வேறு. அங்குள்ள 82 மாகாணங்களிலும் ஆளுநரை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கின்றனர். துணை ஆளுநருக்கும் தனி வாக்கு உண்டு. ஆளுநர் ஒரு கட்சியினராகவும் துணை ஆளுநர் எதிர்க்கட்சியினராகவும் அமைவதுண்டு. மாகாண சபைக்குத் தலைமை தாங்குபவர் துணை ஆளுநர்தாம். ஆளுநரின் வரவு செலவுத் திட்டம் அந்தச் சபையைக் கடந்தே வரவேண்டும்.

வெறும் அலங்காரப் பதவிகள் அல்ல இவை. நம் பஞ்சாயத்துகளுக்கு அரசியலமைப்பில் இடமளித்த 73ஆம் திருத்தம் 1992இல் நிறைவேறியது. அதற்கு ஓராண்டு முன்பே, 1991இல், அவர்கள் உள்ளாட்சிச் சட்டத் தொகுப்பை இயற்றிவிட்டனர். மாகாண மருத்துவமனைகள் ஆளுநர்கள் கைக்கு வந்தன. வேளாண்மைப் பணியும் உள்ளாட்சிகளிடம் இறங்கியது. தேசிய வரி வருவாயில் நூற்றுக்கு 40 பங்கு உள்ளாட்சிகளுக்கு. அந்தப் பங்கில் நூற்றுக்கு 23 மாகாணங்களுக்கு. எந்தெந்த வரிகளைக் கணக்கில் சேர்ப்பது என்று மத்திய அரசு கஞ்சத்தனம் காட்டியபோது, 2018இல் உச்சநீதிமன்றம் தலையிட்டுக் கணக்கைத் திருத்திற்று. 2022 முதல் அந்தப் பெரிய பங்கு கிடைத்து வருகிறது. அதிகாரம் கீழே இறங்கவேண்டும் என்று மேடைதோறும் முழங்கும் நம்மவர்கள் பொறாமைப்பட வேண்டிய ஏற்பாடு!

நிற்க. இறங்கிவந்த அதிகாரம் யார் வீட்டு வாசலில் போய் நின்றது?

1987ஆம் ஆண்டு அரசியலமைப்பு இந்தப் பதவிகளுக்கு வரம்பு கட்டியிருக்கிறது. ஒரு தவணைக்கு மூன்று ஆண்டு. தொடர்ந்து மூன்று தவணைக்கு மேல் ஒருவர் அதே பதவியில் இருத்தலாகாது. நல்ல விதிதான். ஆனால் அது ஆளைத்தான் எண்ணுகிறது, வீட்டை எண்ணுவதில்லை. லூசோன் தீவின் வடகிழக்கே, நெல்லும் மக்காச்சோளமும் விளையும் இசபெலா மாகாணத்தைப் பாருங்கள். 1970களில் அங்கே ஃபாவுஸ்தினோ டீ ஆளுநரானார். (தேநீர் அன்று, குடும்பப் பெயர்.) 1986 மக்கள் எழுச்சியை ஒட்டிவந்த சிறு இடைவெளி நீங்கலாக, தந்தைக்குப் பின் ஒரு மகன், அவருக்குப் பின் இன்னொரு மகன் என்று 2004 வரை ஆளுநர் நாற்காலி அவ்வீட்டை விட்டு நகரவில்லை.

2004இல் நகர்ந்தது. நகர்த்தியவர் கிரேஸ் படாக்கா என்னும் பெண்மணி. இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டு ஊன்றுகோலுடன் நடப்பவர். அவருக்குப் பணபலமில்லை, பரம்பரையுமில்லை. வானொலியில் செய்தி விமரிசனம் செய்து மக்களுக்கு அறிமுகமான குரல் ஒன்றுதான் அவரது முதல். பதவியிலிருந்த மகனை 2004இல் தோற்கடித்தார். முன்னாள் ஆளுநரான மற்றொரு மகனை 2007இல் தோற்கடித்தார். 2008இல் மகசேசே விருது அவரைத் தேடி வந்தது. 1974இல் நம் எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பெற்ற அதே விருதுதான்.

ஆனால் 2010இல் அவர் தோற்றார். வென்றவர் மூன்றாம் ஃபாவுஸ்தினோ டீ. அவர் மூன்று தவணை ஆண்டார். 2019இல் வரம்பு குறுக்கிட்டதும் துணை ஆளுநர் பதவிக்கு நின்று வென்றார். 2025இல் நாடாளுமன்றம் சென்று, அதே ஆண்டு செப்டம்பரில் கீழவையின் சபாநாயகராகவும் ஆனார். இவற்றுள் எதிலேனும் சட்டத்தின் ஓர் எழுத்தையாவது மீறினாரா? இல்லை. என் குற்றச்சாட்டும் அவர்மீது அன்று, சட்டத்தின் மீதே.

"மக்கள் விரும்பி வாக்களிக்கிறார்கள், உனக்கென்ன?" என்று கேட்பார் உண்டு. வலுவான கேள்வி. படாக்காவின் வெற்றியே மக்களால் மாற்ற முடியும் என்பதற்குச் சான்று என்றும் அவர்கள் சொல்லலாம். ஆனால் அங்கே மருத்துவமனைக் கட்டணம் கட்ட முடியாத ஏழை எங்கே போகிறான்? தேர்ந்தெடுக்கப்பட்டவர் வீட்டுக்கு. பிணம் எடுக்கக் காசில்லாதவன் எங்கே போகிறான்? அதே வீட்டுக்கு. பொதுப் பணம் அந்த வீட்டின் கொடைபோல வந்து சேருகிறது. நன்றிக்கடன் தகப்பனோடு தீராமல் மகனுக்கும் மருமகளுக்கும் செலுத்தப்படுகிறது. விருப்பம் உண்மைதான், அது எப்படி வளர்க்கப்பட்டது என்பதையும் கேட்கவேண்டுமன்றோ?

அரசியலமைப்பை எழுதியவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். அரசியல் பரம்பரைகளை அரசு தடை செய்யவேண்டும் என்று அதே 1987 ஏட்டில் எழுதினார்கள். கூடவே, ‘சட்டம் வரையறுக்கிறபடி’ என்றும் ஒரு வால் சேர்த்தார்கள். அந்த வாலில்தான் எல்லாம் சிக்கிக்கொண்டது. வரையறுக்க வேண்டியது நாடாளுமன்றம். நாடாளுமன்றத்தில் அமர்ந்திருப்போரில் பெரும்பாலார் அந்தப் பரம்பரையினரே. 2025 முடியும்வரை ஆளுநர்களையும் மேயர்களையும் கட்டுப்படுத்தும் அத்தகைய சட்டம் ஒன்றும் பிறக்கவில்லை.

ஆனால் ஓர் இடத்தில் அந்தத் தடை பிறந்திருக்கிறது. மாணவர்களாகிய நாம் கூர்ந்து கவனிக்க வேண்டியது இதைத்தான். ‘பரங்காய்’ என்பது அவர்களுடைய ஊராட்சி. ஒவ்வொரு பரங்காயிலும் இளைஞர் அவை ஒன்று உண்டு. 15 முதல் 30 வயதுவரை உள்ளோர் வாக்காளர். 18 முதல் 24 வயதுவரை உள்ளோர் வேட்பாளர். பரங்காயின் பொதுநிதியில் நூற்றுக்குப் பத்து இந்த அவைக்கு. மாகாணத்து இளைஞர் அவைகளின் கூட்டமைப்புத் தலைவருக்கு மாகாண சபையிலேயே ஓர் இருக்கை உண்டு. 2016இல் வந்த சீர்திருத்தச் சட்டம், பெற்றோரோ உடன்பிறந்தோரோ தாத்தா பாட்டியோ அந்த வட்டாரத்தில் தேர்தல் பதவி வகித்தால் இளைஞர் அவைக்கு நிற்க முடியாது என்று ஆக்கிற்று.

விதியில் குறையில்லை. ஆனால் விதித்தவர்களைப் பாருங்கள்! இருபது வயதுப் பையன் தன் தந்தை மேயராயிருக்கும் ஊரில் பந்துவிளையாட்டுக்கு நிதி ஒதுக்கும் அவையில் அமர்ந்தால் நாடு கெடுமாம். அதே பையன் வயது நிரம்பியதும் அந்தத் தந்தையின் மேயர் நாற்காலியிலேயே அமரலாமாம். ஒழுக்கத்தை இளைஞர்க்கு மட்டும் சட்டமாக்கிப் பெரியவர்கள் தப்பித்துக்கொண்டார்கள். இளைஞர் அவையின் தேர்தலும் படாத பாடு படுகிறது. ஒத்திவைப்பின் பயனாக 2013 முதல் 2018 வரை அந்த அவையே இல்லாமல் இருந்தது. 2025 இறுதியில் நடக்கவேண்டிய தேர்தலும் 2026 நவம்பருக்குத் தள்ளப்பட்டது.

2025 டிசம்பரில் பரம்பரைத் தடைக்கான மசோதா ஒன்று கீழவைக்கு வந்தது. கொண்டுவந்தவர்களில் ஒருவர் சபாநாயகர் டீ அவர்களே! சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நான் அதை ஏளனம் செய்யமாட்டேன். யார் கொண்டுவந்தாலும் சட்டம் சட்டமே. ஆனால் உறவினர் ஒரே சமயத்தில் பதவி வகிப்பதை மட்டும் தடுத்து, ஒருவர்பின் ஒருவராக அதே நாற்காலிக்கு வருவதை விட்டுவிடும் சட்டமானால், இசபெலாவின் ஆளுநர் நாற்காலி தந்தைக்குப் பின் மகன்களுக்குப் போனதை அது தடுத்திராது. புதிதாக எதையும் வரையறுத்து மூளையைக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. 2016இல் இளைஞருக்கு எழுதிய வாசகம் இருக்கிறது. அதை ஆளுநருக்கும் மேயருக்கும் நீட்டி, பதவி விட்டு இறங்குபவரின் நெருங்கிய உறவினர் அதே பதவிக்கு உடனே நிற்கலாகாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.