கலாநிதிப் பட்டமும் கமக்காரன் கிணறும்

வன்னி மண்ணில் உயர்கல்வி வேரூன்றிவிட்டது என்று மேடைதோறும் கூறக் கேட்கின்றோம். கூற்றில் உண்மை உண்டு. 1991-இல் சிறியதொரு கல்லூரியாகத் தொடங்கியது, 1997-இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகி, 2021 ஆகஸ்ட் முதலாந் திகதி தொடக்கம் தனிப் பல்கலைக்கழகமாகப் பம்பைமடுவில் இயங்கி வருகின்றது. 1990-இல் கிளிநொச்சியில் தோன்றிய விவசாய பீடம் போரினால் இடம்பெயர்ந்து, மீண்டும் அறிவியல் நகருக்கு வந்து சேர்ந்துள்ளது. பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும் அதன் அயலிலேயே உள. இலண்டன் பல்கலைக்கழகத்தையே நம்பியிருந்த காலத்தை எண்ணிப் பார்ப்போர் இதன் அருமையை உணர்வர். பேராசிரியர் கணபதிப்பிள்ளையும் வித்தியானந்தனும் கலாநிதிப் பட்டத்துக்காக இலண்டனுக்குக் கப்பலேற வேண்டியிருந்தது. கைலாசபதியும் சிவத்தம்பியும் பேர்மிங்ஹாம் சென்றனர். இன்று அத்தகைய ஆராய்ச்சிக்கான களம் நெடுங்கேணியிலும் செட்டிகுளத்திலும் உருத்திரபுரத்திலும் கிடக்கின்றது.

ஆயின் நாம் கேட்க விரும்பும் வினா ஒன்று உண்டு. வன்னியை வைத்துப் பெறப்படும் கலாநிதிப் பட்டத்தினால் வன்னி பெறுவது யாது?

ஆராய்ச்சி மாணவர் ஒருவர் கிராமத்துக்கு வருகின்றார். கிணற்று நீரைப் போத்தலில் எடுக்கின்றார். வயல் மண்ணைப் பையில் இடுகின்றார். நூறு கேள்விகள் அடங்கிய தாளை நிரப்புகின்றார். சில வேளைகளில் இரத்தமும் சிறுநீரும் கேட்டுப் பெறப்படுகின்றன. கமக்காரர் மறுப்பதில்லை, கதிர் வெட்டும் நாளாயினும் வேலையை நிறுத்தி, தேநீரும் கொடுத்து அனுப்புகின்றனர். குறைந்தது மூன்றாண்டு, பெரும்பாலும் ஐந்தாறு ஆண்டு கழிகின்றது. ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, பரீட்சகர்களால் ஏற்கப்பட்டு, கனத்த அட்டை கட்டப்பட்டு நூலகத்தில் அமர்கின்றது. கட்டுரைகள் கடல் கடந்த சஞ்சிகைகளில் வெளியாகின்றன. எழுதியவர் பெயருக்கு முன்னால் 'கலாநிதி' ஏறுகின்றது. கலியாண அழைப்பிதழிலும் அது தவறாமல் இடம்பெறுகின்றது. தன் கிணற்றில் என்ன இருந்தது என்பதைக் கமக்காரன் மட்டும் இன்னும் அறியான்.

இது வெறும் மனக்குறையன்று, உயிர் சம்பந்தப்பட்டது. காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990-களின் நடுப்பகுதியில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்டது. மதவாச்சிக்கும் பதவியாவுக்கும் வடக்கே மாகாண எல்லை இருக்கலாம்; நிலத்தடி நீருக்கு எல்லை ஏது? வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அந்நோய் உண்டு. வெயிலில் நின்று உழைக்கும் நெற்கமக்காரரையே அது பெரிதும் தேடிப் பிடிக்கின்றது. தொடக்கத்தில் நோவு இல்லை, அறிகுறி இல்லை. தெரியவரும்போது இரத்தச் சுத்திகரிப்புக்காக வாரந்தோறும் ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டிய நிலை வந்துவிடுகின்றது. காரணம் கடின நீரோடு கூடிய புளோரைட்டு என்பர் சிலர். கிருமிநாசினியும் களைநாசினியும் என்பர் சிலர். கடும் வெயிலும் போதிய நீர் அருந்தாமையும் என்பர் வேறு சிலர். முடிவு இன்னும் எட்டப்படவில்லை. முடிவு எட்டப்படாமலே 2015-இல் கிளைபோசேட் தடை செய்யப்பட்டது. 2018-இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தப்பட்டது. 2022-இல் தடையே நீங்கியது.

உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு நடந்து 2013-இல் வெளியான பெரிய ஆய்வில் நோயின் பரம்பல் கணக்கிடப்பட்ட மாவட்டங்கள் அநுராதபுரம், பொலன்னறுவை, பதுளை என்ற மூன்றே. வன்னி மாவட்டம் ஒன்றுதானும் அதில் இல்லை. போர் முடிந்த வேளை என்பது காரணமாகலாம். எனினும், எண்ணப்படாத நோயாளிக்குத் திட்டமும் இல்லை, பணமும் இல்லை என்பதை எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நிக்கராகுவாவிலும் எல் சல்வடோரிலும் கரும்புத் தோட்டத் தொழிலாளரை இதையொத்த நோய் வாட்டுகின்றது. ஆந்திரத்தின் சிறீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியிலும் அவ்வாறே. அங்கெல்லாம் ஆராய்ந்தோரின் முடிவுகளை வவுனியாவின் கிணறுகளோடு ஒப்பிட்டு நோக்குவதே ஒருவருக்குக் கலாநிதிப் பட்டத்துக்குப் போதிய பணியாகும்.

ஆகவே எமது கோரிக்கை இது. வன்னி மக்களிடமிருந்து நீரோ மண்ணோ இரத்தமோ தகவலோ பெற்று எழுதப்படும் ஒவ்வொரு கலாநிதிப் பட்ட ஆய்வேட்டுடனும் இருபது முப்பது பக்கத்தில் தமிழ்ச் சுருக்கம் ஒன்று கட்டாயமாக இணைக்கப்படல் வேண்டும். காலபோகம் தொடங்குமுன் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் அது வாசிக்கப்படல் வேண்டும். படி ஒன்று கமநல சேவை நிலையத்தில் இருக்க வேண்டும்.

இதற்குப் பாராளுமன்றச் சட்டம் தேவையில்லை. கொழும்பின் வாசலில் காத்துக் கிடக்கவும் வேண்டாம். யாழ்ப்பாணத்திலும் பம்பைமடுவிலும் உள்ள மூதவையும் பேரவையும் மனம் வைத்தால் விதி பிறந்துவிடும். காரியாலயக் கடிதம் தமிழில் வரவில்லை என்று 1956 முதல் நாம் போராடி வந்திருக்கின்றோம். 1987-இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. அதன் பின்னும் முறையிட்டுக்கொண்டேயிருக்கின்றோம். எமது கையிலேயே உள்ள பல்கலைக்கழகங்களில் இதைச் செய்யாமலிருக்க யாரைக் குறை கூறுவது?

விஞ்ஞானத்தைத் தமிழில் எழுத இயலாது என்போர் மானிப்பாய் வைத்தியர் கிறீனை நினைக்கட்டும். அமெரிக்காவிலிருந்து வந்த அவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி, தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். பிறநாட்டிலும் வழி உண்டு. பதின்மூன்று இலட்சம் பேரே வாழும் எஸ்தோனியாவின் தார்த்துப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் எழுதப்படும் கலாநிதி ஆய்வேடுகள் எஸ்தோனிய மொழிச் சுருக்கத்தோடு வெளிவருகின்றன. தென்னாபிரிக்காவின் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகம் சூலு மொழியில் சுருக்கம் கேட்கின்றது. எம்மால் இயலாதா?

இங்கு எமது அரசியல் அன்பர்களுக்கும் ஒரு சொல். ஆய்வு என்றவுடன் அது எமது கட்சிக்குச் சாட்சி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது தவறு. 1965-இல் இலண்டனில் இந்திரபாலா சமர்ப்பித்த ஆய்வேடு, ஈழத்தில் தமிழர் குடியிருப்புகளின் தொன்மை பற்றிக் கூறியது பலருக்குக் கசந்தது. நாற்பதாண்டு கழித்து, 2005-இல், புதிய சான்றுகளைக் கண்டு அவரே தமது கருத்தைத் திருத்தி நூல் எழுதினார். வசைகள் எத்தனை வந்தன என்பதை விட அந்தத் திருத்தம் பெரிது. இரணைமடு நீர் விவகாரத்திலும் இப்பண்பு வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் என்ற திட்டம் எழுந்தபோது, சிறுபோகத்தில் தமது வயலின் ஒரு பகுதிக்கே நீர் போதுகின்றது என்று கமக்காரர் எதிர்த்தனர். ஈற்றில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024-இல் தாளையடியில் திறக்கப்பட்டது. சகோதரர் இரு பகுதியினர் ஆண்டுக்கணக்காக மனக்கசப்புற்ற அவ்விடயத்தில், குளத்துக்கு எவ்வளவு நீர் வருகின்றது, வாய்க்காலில் எவ்வளவு கசிகின்றது என்ற கணக்கை இரு பகுதியாரும் ஏற்கும்படி கூறத்தக்க எம்மவர் சிலரேனும் இருந்திருப்பின் மேடைப் பேச்சுகள் குறைந்திருக்கும். அக்கணக்கு யாழ்ப்பாணத்தாருக்குப் பிடிக்காததாகவோ கிளிநொச்சியாருக்குப் பிடிக்காததாகவோ இருந்திருக்கலாம். இருக்கட்டுமே.

யார் ஆராய்வது என்பதும் சிந்தனைக்குரியது. விரிவுரையாளர் சம்பளத்தோடு கற்கை விடுமுறை பெற்று, பிணை எழுதிக் கொடுத்து வெளிநாடு செல்கின்றார். 2022-இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் திரும்பாதோர் தொகை பெருகிற்று. அவர்களை நாம் ஏசப் போவதில்லை. ஏசுவதால் எவரும் திரும்பியதில்லை. நாடு தன் மொத்த உற்பத்தியில் நூற்றுக்குப் பத்திலொரு வீதமளவே ஆராய்ச்சிக்குச் செலவிடும்போது வேறென்ன நடக்கும்? ஆனால் முத்தையன்கட்டிலோ வவுனிக்குளத்திலோ கமக்குடியில் பிறந்து, சிறப்புப் பட்டமும் பெற்ற பெண்பிள்ளை ஒருத்தி, கலாநிதிப் பட்டத்துக்குப் பதிவு செய்ய விரும்பியும் வீட்டுக் கடனை எண்ணி வங்கியிலோ பாடசாலையிலோ வேலைக்குச் சேர்கின்றாள். அவளுக்கு நீரும் மண்ணும் தெரியும். கேட்க வேண்டிய கேள்வியும் தெரியும். மூன்றாண்டு மாதப்படி மட்டும் இல்லை. கோயில் கோபுரத்துக்கு வெளிநாட்டிலிருந்து இலட்சக்கணக்கில் பணம் திரட்டும் ஊர்ச் சங்கங்களும், வன்னியில் பிறந்து வைத்தியராயும் பொறியியலாளராயும் உயர்ந்தோரும் ஒருவருக்கு அந்தப்படியைக் கொடுக்க முன்வருவார்களாக. நிபந்தனை ஒன்றே போதும்: கேள்வி வன்னியினதாயிருக்க வேண்டும், விடை தமிழில் ஊருக்கு வர வேண்டும்.

மூதவைகள் விதி செய்யும்வரை கமக்காரர் கைகட்டியிருக்க வேண்டியதில்லை. போத்தலோடு வருபவரிடம், "தம்பி, முடிவை எப்போது வந்து சொல்லுவீர்?" என்று கேட்டு, பெயரையும் மேற்பார்வையாளரின் பெயரையும் அமைப்பின் கொப்பியில் எழுதி வைக்கட்டும். அடுத்த காலபோகக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஆராய்ச்சியாளருக்கு அரைமணி நேரம் ஒதுக்கும்படி அமைப்புகளின் தலைவர்கள் அரசாங்க அதிபருக்கு இப்பொழுதே எழுதலாம்.