பாம்பும் ரவைத் தோட்டாவும்

பெங்களூரின் எல்லை ஆண்டுதோறும் விரிந்துகொண்டே போய், நேற்றுவரை ராகி விளைந்த நிலங்களும் ஏரிக்கரைப் புதர்களும் இன்று மனைகளாகவும் மாடிக் குடியிருப்புகளாகவும் உருமாறிவிட்டபடியால், கெங்கேரியிலும் எலகங்காவிலும் சர்ஜாபுரச் சாலையிலும் வீடு கட்டிக் குடியேறியவர்கள் மழைக்காலம் தொடங்கியதும் அண்டை வீட்டாரிடம் முதலில் விசாரிப்பது பாம்பைப் பற்றித்தான். அந்த விசாரணை பெரும்பாலும் ஓர் ஆயுதத்தில் போய் முடிகிறது. உரிமம் பெற்ற கைத்துப்பாக்கி உடையவர், அமெரிக்காவில் பாம்புக்கென்றே விற்கப்படும் ரவைத் தோட்டாவைப் பற்றிக் கேள்விப்பட்டு, அத்தகைய தோட்டா நான்கு இருந்தால் குடும்பம் நிம்மதியாக உறங்கலாம் என்கிறார். துப்பாக்கி இல்லாதவர் கதவோரம் மூங்கில் தடி ஒன்றைச் சார்த்தி வைத்து அதே நிம்மதியை அடைகிறார். ஆயுதம் வேறாயினும் நம்பிக்கை ஒன்றே: கண்ட பாம்பைக் கண்ட இடத்தில் கொன்றுவிட்டால் பாம்புக்கடியிலிருந்து தப்பலாம் என்பது. இந்த நம்பிக்கை அடிப்படையிலேயே பிழையானது என்றும், அது பல உயிர்களுக்கு உலை வைக்கிறது என்றும் நான் கருதுகிறேன்.

முதலில் அந்தத் தோட்டாவையே எடுத்துக்கொள்வோம். சாதாரணத் தோட்டாவில் ஒற்றைக் குண்டு இருக்குமிடத்தில், பாம்புக்கென விற்கப்படும் இத்தோட்டாவில் கடுகளவே உள்ள நூற்றுக்கு மேற்பட்ட ஈய ரவைகள் அடைக்கப்பட்டிருக்கும். கைத்துப்பாக்கியின் குழாயினுள் குண்டைச் சுழற்றுவதற்காக வெட்டப்பட்டிருக்கும் வரிகள் இந்த ரவைகளையும் சுழற்றிவிடுவதால், அவை வாயிலிருந்து வெளிப்பட்டதும் வெகு விரைவில் அகன்று சிதறுகின்றன. சுமார் மூன்று மீட்டருக்கு அப்பால் அவற்றின் வலிமையும் செறிவும் குன்றிப்போகின்றன. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானிகளுக்கு .45 கைத்துப்பாக்கிக்கான ரவைத் தோட்டா வழங்கப்பட்டதுண்டு. ஆனால் அது விமானம் விழுந்து காட்டில் தனித்துவிடப்பட்டவன் சிறு பறவைகளையும் பிராணிகளையும் சுட்டு உண்டு உயிர் தரிப்பதற்காக அளிக்கப்பட்டது. பாம்பை நோக்கினாலோ, அது தன் உடல் நீளத்தில் ஏறக்குறையப் பாதித் தூரத்துக்கு மேல் பாய்ந்து கடிப்பது அரிது. ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளமுள்ள கண்ணாடிவிரியனிடமிருந்து இரண்டு மீட்டர் விலகி நிற்பவனுக்கு அதனால் யாதொரு ஆபத்துமில்லை. ஆகவே, துப்பாக்கி பயன்படக்கூடிய தூரத்தில் நிற்பவன் ஏற்கெனவே பத்திரமாகவே இருக்கிறான். பத்திரமில்லாத தூரத்தில் இருப்பவனுக்கோ துப்பாக்கியை உருவிக் குறி பார்க்க அவகாசமில்லை. பின்வாங்கி இரண்டடி எடுத்து வைப்பதே இரு நிலைகளிலும் போதுமான காப்பாக இருக்க, இடையில் தோட்டாவுக்கு என்ன வேலை இருக்கிறதென்று அதைப் பரிந்துரைப்பவர்கள் சொல்லட்டும்.

சுட்டே விட்டார் என்று கொள்வோம். நம்முடைய வீடுகள் அமெரிக்கப் பாலைவனத்து மணற்பரப்பு அல்ல. கருங்கல் தளமும், சிமெண்டுச் சுவரும், வாசலிலேயே நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியும், ஓசை கேட்டதும் ஓடி வரும் குழந்தைகளும் உள்ள இடங்கள். கல்லில் பட்ட ரவை எத்திசையில் தெறிக்கும் என்று சுட்டவராலும் சொல்ல முடியாது. அது ஒரு கண்ணைப் போக்கப் போதுமான வலிமையுடன்தான் தெறிக்கும். பாம்பின் உடலில் நாலைந்து ரவைகள் பாய்ந்து அது சாகாமல் அலமாரிக்கு அடியிலோ செருப்பு அடுக்கிலோ புகுந்துவிட்டால், வெளியேற வழி தேடிக்கொண்டிருந்த ஒரு பிராணியைக் காயமும் வெறியும் கொண்டதாக்கி வீட்டுக்குள்ளேயே குடியிருத்திய பலன்தான் மிஞ்சும். செத்துவிட்டதாகவே தோன்றினாலும் அபாயம் தீர்வதில்லை. துண்டிக்கப்பட்ட பாம்பின் தலை நெடுநேரம், சில சமயம் ஒரு மணி நேரம்கூட, தீண்டியதைக் கடிக்கும் அனிச்சைச் சக்தியை இழப்பதில்லை. நச்சுப்பை அப்போதும் நிறைந்தே இருக்கிறது. அடித்த பாம்பைக் கையில் தூக்கிப் படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் இன்று பரவியிருப்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நடுங்குகிறது.

சட்டத்தைக் காட்டி வாதிடுவது என் பிரதான நோக்கமன்று. எனினும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நாகத்தையும் கண்ணாடிவிரியனையும் சாரையையும் காக்கப்பட வேண்டிய பிராணிகளாகக் கொண்டிருக்கிறது என்பதையும், தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்துடன் கொல்ல நேர்ந்தால் அது குற்றமாகாது என்று அதே சட்டம் விதிவிலக்கும் அளித்திருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். தொட்டிலருகே நாகத்தைக் கண்ட தாய், கையில் அகப்பட்டதை எடுத்து அடித்தால் அவளை நான் குறை சொல்லமாட்டேன். மதிலோரமாகத் தன் வழியே ஊர்ந்து போகும் ஒன்றைத் துரத்திச் சென்று சுடுவதற்கும் அந்தத் தாயின் செயலுக்கும் ஒப்புமை ஏதுமில்லை.

இவை எல்லாவற்றிலும் முக்கியமான செய்தி இனிமேல்தான் வருகிறது. கடிக்கும் பாம்பு பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. கண்ணில் பட்ட பாம்பு பெரும்பாலும் கடிப்பதில்லை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர், அதாவது சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர், பாம்புக்கடியால் இறந்தனர் என்று ஆராய்ச்சியாளர்கள் 2020ஆம் ஆண்டில் கணக்கிட்டு வெளியிட்டார்கள். அவர்களில் நாலில் ஒரு பங்கினருக்கு மேல் பதினைந்து வயது நிரம்பாத குழந்தைகள். சரிபாதி மரணங்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழை மாதங்களில் நேர்ந்தவை. இவர்கள் எவ்வாறு கடிபட்டார்கள்? வெறுங்காலுடன் களை பிடுங்குகையில், இருட்டில் கொல்லைப்புறம் போகையில், விறகுக் குவியலில் கைவைக்கையில், வைக்கோலை அள்ளுகையில். தரையில் பாய் விரித்து உறங்குபவரை நள்ளிரவில் தீண்டும் கட்டுவிரியனோ வலியைக்கூட அதிகம் உண்டாக்குவதில்லை. விடியலில் வயிற்று நோவும் இமைச் சோர்வும் கண்ட பிறகுதான் விபரீதம் புலப்படுகிறது. உறங்குபவன் எந்தத் துப்பாக்கியை எடுத்து எந்தப் பாம்பைச் சுடுவான்? குடகில் உரிமமின்றியே துப்பாக்கி வைத்துக்கொள்ளும் பாரம்பரிய உரிமை உண்டு. அத்துப்பாக்கி எஜமானரின் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. காப்பிச் செடியின் அடியில் குனிந்து விரியனை மிதிப்பவளோ கூலிப் பெண். சாகிறவர்கள் அனேகமாக ஏழைகள் என்பதும், துப்பாக்கி வாங்கக்கூடியவர் அவர்களில் அரிது என்பதும் துப்பாக்கியே காப்பு என்ற வாதத்தின் பொய்ம்மையை மற்றெல்லாவற்றையும்விடத் தெளிவாகக் காட்டுகின்றன.

கொன்று ஒழிப்பது என்ற பரிகாரம் இந்நாட்டில் பரீட்சிக்கப்படாததும் அல்ல. ஜோசப் பேயரர் என்ற ஆங்கில மருத்துவர், வங்காளம் முதலிய சில மாகாணங்களில் மட்டும் 1869ஆம் ஆண்டில் 11,416 பேர் பாம்புக்கடியால் மாண்டதாகத் தொகுத்துத் தம்முடைய பெருநூலை 1872இல் வெளியிட்டார். அதைத் தொடர்ந்து ஆங்கில அரசாங்கம் செத்த பாம்புக்கு இவ்வளவென்று வெகுமதி அறிவித்து, ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் பாம்புகளைக் கொன்று குவித்தது. அதே ஆண்டுகளில் அரசாங்கமே வெளியிட்ட மரணக் கணக்கோ இருபதாயிரத்தையொட்டியே நின்றது. ரத்னகிரி மாவட்டத்தில் 1860களிலேயே சுருட்டைவிரியன்களுக்குப் பரிசு வைத்துக் கணக்கற்றுக் கொன்றார்கள். அந்தக் கொங்கணக் கரையில் சுருட்டைவிரியன் இன்றும் மிகுதியாகவே இருக்கிறது. எலியும் தவளையும் பதுங்குமிடமும் இருக்கும்வரை கொல்லப்பட்டதன் இடத்துக்கு மற்றொன்று வந்து சேருமென்பதை ஒரு பேரரசு தன் கஜானாவைச் செலவழித்துப் பார்த்தபின்பும், நாம் தனித்தனியே தோட்டா செலவழித்துப் பரீட்சிக்க விரும்புவது வருந்தத்தக்கது.

பெங்களூரின் விஷயமும் இதுவே. பாம்பு இங்கே வருவது நம்மைத் தேடியன்று, எலியைத் தேடி. காலி மனைகளில் கொட்டிய குப்பையும், கட்டட இடிபாடும், ராஜகாலுவே என்னும் மழைநீர்க் கால்வாய்களில் அடைபட்டுக் கிடக்கும் எச்சில் பண்டங்களும் எலிகளை வளர்க்கின்றன; ஏரிகள் தூர்ந்தும் துண்டுபட்டும் போனதனால் தவளையுண்ணும் பாம்புகள் தெருவுக்கு வருகின்றன. நகரத்தில் மக்கள் கண்டு அலறும் பாம்புகளில் பல நஞ்சற்ற சாரையும் தண்ணீர்ப் பாம்பும்தான். பயத்தில் குழம்பிய மனிதன் சாரையை நாகமென்றும் இளம் மலைப்பாம்பை விரியனென்றும் எண்ணிக்கொள்வதனால், தடியும் தோட்டாவும் முதலில் பலி கொள்வது நமக்காக எலி பிடித்துக்கொண்டிருந்த சாரையைத்தான். அதைக் கொன்ற தெருவில் எலி பெருகி, அந்த எலிக்காகக் கன்னடர் கொளகுமண்டலம் என்று அஞ்சும் கண்ணாடிவிரியன் வந்து சேர்ந்தால், அந்த அனர்த்தத்தை நாமே அழைத்ததாகும்.

மேலும் ஒன்று. பாம்புக்கடிக்கு உலகில் உள்ள ஒரே மெய்யான மருந்து உயிருள்ள பாம்பிடமிருந்துதான் பிறக்கிறது. எடுத்த நஞ்சைச் சிறுகச் சிறுகக் குதிரைகளுக்கு ஏற்றி, அவற்றின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்தே நச்சுமுறி மருந்து தயாரிக்கப்படுகிறது. சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பைக் கொன்ற அதே கைகள் இன்று நாடு முழுவதையும் காக்கும் மருந்துக்கு மூலப்பொருள் தருகின்றன. அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஒரே இனத்துப் பாம்பின் நஞ்சும் பிரதேசத்துக்குப் பிரதேசம் மாறுபடுவதனால் ஒரே மருந்து எங்கும் ஒரே அளவில் பலிப்பதில்லை என்பதை, நம் ஊரிலேயே உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து நிலைநாட்டியிருக்கிறார்கள். பாம்பினிடமிருந்து நம்மைக் காக்கும் அறிவு இப்படிப் பொறுமையாக, பாம்பை உயிரோடு வைத்துத்தான் வளர்ந்திருக்கிறது.

ஆதலின் தோட்டாவுக்குச் செலவிட நினைக்கும் பணத்தையும் ஊக்கத்தையும் வேறு திசையில் திருப்புங்கள் என்று குடியிருப்போர் சங்கங்களை வேண்டிக்கொள்கிறேன். தெருவிளக்கை எரியவையுங்கள், காலி மனையின் குப்பையை அகற்றுங்கள், காவலாளிக்கும் தோட்டக்காரருக்கும் துப்புரவுப் பெண்களுக்கும் முழங்கால் எட்டும் காலணியும் ஒரு கைவிளக்கும் வாங்கிக் கொடுங்கள், வாசலில் கிடக்கும் காலணியை உதறிப் பார்த்தே அணியுங்கள். பாம்பு வந்தால் விலகி நின்று, அது எங்கே இருக்கிறது என்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு, 1926 என்ற வனத்துறை எண்ணை அழைத்து, பயிற்சி பெற்றவர் வரும்வரை காத்திருங்கள். கடித்தே விட்டால் கீறாமல், உறிஞ்சாமல், கயிறு இறுக்காமல், கடிபட்ட அங்கத்தை அசையவிடாமல் 108 வண்டியில் நச்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்; பாம்பைத் தேடிக் கொல்வதில் கழியும் ஒவ்வொரு நிமிஷமும் நோயாளியின் ஆயுளில் குறைகிறது. பாம்புக்கடி ஒவ்வொன்றும் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டும் என்று கர்நாடகம் 2024ஆம் ஆண்டில் உத்தரவிட்டிருக்கிறது. ஆனேக்கல், ஹொஸகோட்டை, தேவனஹள்ளி, தொட்டபள்ளாபுரத் தாலுகா மருத்துவமனைகளில் அந்த உத்தரவு நடைமுறையில் இருக்கிறதா, மழைக்கு முன்பே மருந்து இருப்பில் இருக்கிறதா, இரவில் அதைச் செலுத்தத் தெரிந்த மருத்துவர் பணியில் இருக்கிறாரா என்று, உங்கள் சங்கத்தின் பெயரால் இந்த மாதமே ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.