ஐரோப்பாவில் ரயில் லேட்டா? பதறாதீங்க!

பாரிஸ், ரோம், பெர்லின் என ஊர் ஊராகச் சுற்ற ரயில்தான் வசதி. ஆனால் அங்கேயும் ரயில் தாமதமாகும், ரத்தாகும். பதற்றத்தில் உடனே புது டிக்கெட் வாங்கிவிடாதீர்கள்.

2023 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய விதிகள், நம் ஊரிலிருந்து போகும் சுற்றுலாப் பயணிகளுக்கும் பொருந்தும். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால், பயணத்தைக் கைவிட்டு டிக்கெட் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அல்லது கூடுதல் கட்டணமில்லாமல் மாற்று ரயில் கேட்கலாம். இரவு தங்க நேர்ந்தால், முடிந்தவரை அறை ஏற்பாடு செய்வதும் ரயில் நிறுவனத்தின் பொறுப்பு.

தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் இழப்பீடு உண்டு. 1 மணி நேரம் தாமதம் என்றால் கட்டணத்தில் 25%, 2 மணி நேரத்தைத் தாண்டினால் 50%. கடும் புயல், வெள்ளம் போன்ற காரணங்களுக்குக் கிடைக்காது. ரயில் ஊழியர் வேலைநிறுத்தத்துக்குக் கிடைக்கும். புறநகர் ரயில்களுக்கு விதி மாறலாம்.

கவனிக்க:

* ரயில் மாறிப் போவதென்றால், முழுப் பயணத்துக்கும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால், இணைப்பு ரயிலைத் தவறவிட்ட நஷ்டம் உங்கள் தலையில் விழலாம்.
* டிக்கெட், ரசீதுகளைப் பத்திரப்படுத்தி, 3 மாதங்களுக்குள் விண்ணப்பியுங்கள்.
* இழப்பீடு ரயில் கட்டணத்துக்குத்தான், தவறவிட்ட விமானத்துக்கு அல்ல. அதனால் ஊர் திரும்பும் விமானம் காலையில் என்றால், முந்தைய நாளே விமான நிலையம் உள்ள ஊருக்குப் போய்விடுங்கள்.