தூக்கிப் போட்டால் நீந்துமாம்!

நாய்க்கு நீச்சல் பழக்குவது பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்ற பழமொழியோடு தொடங்குகிறது. வேண்டாம்தான். மீன் குஞ்சுக்குச் செவுள் இருக்கிறது. நாய்க்குட்டிக்கு நுரையீரல். முதல் வரியிலேயே தடுக்கி விழுந்த கட்டுரையாளர், கடைசி வரி வரை எழுந்திருக்கவே இல்லை.

அவர் சொல்வதன் சாரம் இது: நீச்சல் எல்லா நாய்க்கும் பிறவியிலேயே உண்டு, கிணற்றிலோ கம்மாயிலோ ஒருமுறை தூக்கிப் போட்டால் பயம் தெளிந்து தானாக நீந்தும், லைஃப் ஜாக்கெட், படிப்படியான பயிற்சி என்பதெல்லாம் நகரத்துக்காரர்களின் சொகுசு, நம் முன்னோர் தூக்கிப் போட்டுத்தான் பழக்கினார்கள். இந்தக் கடைசி வாதம் முன்னோர் மேல் போடும் அபாண்டம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஊர்க் கிணறுகளில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கியவர்கள் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டினார்கள். பிற்பாடு குடுக்கையின் இடத்துக்குப் பிளாஸ்டிக் கேன் வந்தது. இடுப்பில் ஒரு கயிறு, அதன் மறுமுனை படியில் நிற்கும் மாமன் கையில். பிள்ளையை மேலிருந்து தொபுக்கடீரென்று தள்ளிவிடுகிற சித்தப்பாக்களும் இருந்தார்கள், மறுக்கவில்லை. அந்தச் சித்தப்பா தள்ளும் முன்பே தண்ணீருக்குள் இன்னொருவர் கையை விரித்துக்கொண்டு காத்திருப்பார். கட்டுரையாளருக்குத் தள்ளிவிட்டது மட்டும் பசுமையாக நினைவிருக்கிறது. குடுக்கை, கயிறு, கீழே நின்ற ஆள் மூன்றையும் வசதியாக மறந்துவிட்டார். அந்தச் சுரைக்குடுக்கை செய்த வேலையைத்தான் இன்று கடையில் விற்கும் லைஃப் ஜாக்கெட் செய்கிறது. பிள்ளைக்குக் கட்டியபோது அது மரபு, நாய்க்குக் கட்டினால் சொகுசா?

அடுத்து, பிறவி நீச்சல். இதில் கால்வாசி உண்மை இருக்கிறது. நாயை நீர்ப்பரப்புக்கு மேலே தூக்கிப் பிடித்தாலே அது காற்றில் கால்களை அடிக்கத் தொடங்கும். இதைப் பார்த்துவிட்டுத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கால் அடிப்பது ஓர் அனிச்சைச் செயல், அவ்வளவுதான். உடல் மட்டமாக மிதக்க வேண்டும், மூக்கு நீருக்கு மேலே இருக்க வேண்டும், கரை எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும், அதுவரை மூச்சு தாங்க வேண்டும். அனிச்சைச் செயல் இவற்றில் எதற்கும் உத்தரவாதம் தராது. மிரண்ட நாய் முன்னங்கால்களால் மட்டும் தண்ணீரை ஓங்கி ஓங்கி அறையும். பின்னுடல் கீழே இறங்கிவிடும். உடல் செங்குத்தாக நிற்கும்; எவ்வளவு அடித்தாலும் நகராது. பார்க்கிறவர்களுக்கு அது ஆவேசமாக நீந்துவது போலிருக்கும். உண்மையில் அது மூழ்கத் தொடங்கிவிட்டது.

உடல்வாகு என்று ஒன்று இருப்பதையே கட்டுரையாளர் கண்டுகொள்ளவில்லை. 2003இல் ஹட்ச் செல்பேசி நிறுவனத்தின் விளம்பரம் ஒரு பக் நாயைத் தமிழ்நாட்டின் வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது. இன்றும் அதை ஹட்ச் நாய், வோடஃபோன் நாய் என்று சொல்பவர்கள் உண்டு. சப்பையான மூக்கு, சாதாரணமாக நடக்கும்போதே கர்புர்ரென்று மூச்சு வாங்கும். நீரில் அந்த மூக்கை மேலே வைத்திருக்கத் தலையை அண்ணாந்து தூக்க வேண்டும். தூக்கினால் பின்னுடல் தாழும். புல்டாக்கின் நிலை இன்னும் மோசம். தலையும் மார்பும் கனம், இடுப்பு சிறுத்தது, கால்கள் குட்டை. டாக்ஸ்ஹுண்டுக்குக் காலே கைப்பிடி நீளம்தான். இந்த மூன்றையும் ஒரு லாப்ரடாரோடு சேர்த்து எல்லா நாயும் என்ற ஒரே சொல்லில் அடைக்கிறவர் எத்தனை வகை நாயைத் தண்ணீரில் பார்த்திருப்பார் என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

நம் நாட்டு நாய்க்கு எல்லாம் ரத்தத்திலேயே உண்டு என்று ஒரு பத்தி எழுதியிருக்கிறார். நாட்டு நாய் மேல் எனக்கும் பிரியம் உண்டு. அதனாலேயே இது எரிச்சலூட்டுகிறது. சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் காட்டில் முயல் விரட்ட வளர்க்கப்பட்டவை. ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, மெல்லிய தோல், கொழுப்பே இல்லாத உடம்பு. ஓட்டத்துக்கு இதைவிடச் சிறந்த உடல் கிடையாது. ஆனால் மிதக்கக் கைகொடுப்பது கொழுப்பு. குளிரைத் தடுப்பது அடர்ந்த ரோமம். இரண்டும் இல்லாத நாய் சீக்கிரம் தாழும், சீக்கிரம் விறைக்கும். மழைக்கு வானம் பார்த்துக் கிடக்கிற பூமியில் உருவான நாயின் ரத்தத்தில் நீச்சல் எங்கிருந்து வந்ததாம்?

நியூஃபவுண்ட்லாந்து நாய்களையும் சாட்சிக்கு அழைத்திருக்கிறார். கால்விரல்களுக்கிடையே அகன்ற சவ்வு, நீர் புகாத இரட்டை ரோமம், கடலோடிகளோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இனம், எல்லாம் சரி. இத்தாலியில் ஃபெருச்சோ பிலெங்கா 1989இல் தொடங்கிய மீட்பு நாய்ப் பள்ளி இந்த நாய்களையும் கடலில் உயிர் காக்கும் வேலைக்குத் தயார் செய்கிறது. பள்ளி என்கிறேன், கவனியுங்கள். தண்ணீருக்கென்றே பிறந்த இனத்துக்கே பயிற்சி தருகிறார்கள். அதுவும் கைப்பிடி வைத்த மிதவைக் கச்சை மாட்டி. கட்டுரையாளரின் சாட்சி அவருக்கு எதிராகவே பேசிவிட்டது.

இருப்பதிலேயே ஆபத்தான வரிகள் பயம் தெளிவதைப் பற்றியவை. முதல் தடவை கத்துமாம், மூன்றாம் தடவை அமைதியாகிவிடுமாம், பயம் போய்விட்டதாம். 1967இல் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் அமெரிக்காவில் நடத்திய சோதனை உளவியல் மாணவர்கள் எல்லோரும் படிப்பது. தப்ப வழியே இல்லாதபடி மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்ட நாய்களை, பிறகு ஒரு தாவு தாவினால் தப்பிவிடக்கூடிய பெட்டியில் விட்டார்கள். பெரும்பாலானவை தாவவில்லை, படுத்து முனகிக்கொண்டு வலியை வாங்கிக்கொண்டன. அந்த நாய்களும் அமைதியாகத்தான் இருந்தன. தூக்கிப் போடப்பட்ட நாய் மூன்றாம் தடவை கத்தாமல் இருப்பதை வீரம் என்று எழுதுவதற்கு முன் இதை ஒருமுறை புரட்டியிருக்கலாம். அந்த நாய் ஒன்றை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டது: தண்ணீர்ப் பக்கம் போகும்போது வளர்த்தவன் கையை நம்பக் கூடாது.

தன் நாய் அப்படித்தான் பழகியது, இன்றும் நன்றாக நீந்துகிறது என்கிறார். சந்தோஷம். பிழைத்த நாயின் கதை கட்டுரையாகிறது. பிழைக்காத நாயைத் தென்னந்தோப்பில் குழி தோண்டிப் புதைத்தவர் பத்திரிகைக்கு எழுதுவதில்லை.

கிணற்றுக்கு வருவோம். கிணற்றில் விழுந்த நாயைத் தீயணைப்புத் துறையினர் கயிறும் வலையும் கொண்டு மீட்ட செய்தியை நாம் எத்தனை முறை படித்திருப்போம்! அந்த நாய்களுக்கெல்லாம் கால் அடிக்கத் தெரியாமலா இருந்தது? அடித்து அடித்துச் சுவரோரமாகச் சுற்றிக்கொண்டே இருந்தன, ஏற வழியில்லை. பாறை வெட்டிய கிணற்றின் தொங்குபடி மனிதன் கால் வைக்கச் செய்தது. நீரிலிருந்து அதைத் தாவிப் பிடிக்க நாய்க்குக் கை கிடையாது. பண்ணை வீட்டு நீச்சல் குளத்தின் இரும்பு ஏணியும் அப்படித்தான். எனவே நீச்சலில் முதல் பாடம் வெளியேறுவது. முறையாகப் பழக்குபவர்கள் சரிவான கரையில் தொடங்குகிறார்கள். தரை கால் பாவும் ஆழத்தில் நாயோடு தாங்களும் இறங்கி நிற்கிறார்கள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றிவிட்டு, முதுகில் கைப்பிடி உள்ள மிதவைக் கச்சையை மாட்டி, நீளக் கயிறு கோக்கிறார்கள். ஆழம் கூடும் இடத்தில் வயிற்றுக்கடியில் கை கொடுத்துப் பின்னுடலை உயர்த்துகிறார்கள். அப்போதுதான் நாய்க்குப் பின்னங்காலும் இருப்பது நினைவுக்கு வரும். கரையை நோக்கி முகத்தைத் திருப்பிவிட்டு, தானே ஏறி வெளியே வரவிடுகிறார்கள். எந்தப் பக்கத்திலிருந்து விட்டாலும் நேராக ஏறும் இடத்துக்கே நாய் வரும்வரை இதுதான் வேலை. ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம் போதும். இறங்க மறுத்தால் அன்றைக்கு விட்டுவிட வேண்டியதுதான். கடைசிவரை மறுக்கும் நாயும் உண்டு. அது நீந்தாமலே நிம்மதியாக வாழ்ந்துவிட்டுப் போகட்டும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தைகூட அந்தக் கட்டுரையில் இல்லை. தேங்கிய குட்டையில் எலியின் சிறுநீர் கலந்திருந்தால் எலிக்காய்ச்சல் வரும். அது நாயோடு நிற்காமல் வீட்டாருக்கும் தொற்றும். பாசி படர்ந்து நீலப்பச்சையாக நுரைத்த நீரைக் குடித்த நாய் சில மணி நேரத்தில் இறக்கலாம். சுத்தமான நீரிலும் பந்தைத் திரும்பத் திரும்ப எறிந்து எடுக்கவிட்டால், வாய் வழியே போகும் நீர் ரத்தத்தின் உப்பைக் குறைத்துவிடும்: தள்ளாடும், வாந்தி எடுக்கும், வலிப்பு வரும். தண்ணீர் குடித்து மூச்சுத் திணறிய நாய், கரையேறி உதறிவிட்டு வாலாட்டினாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். நுரையீரலுக்குள் நீர் புகுந்ததன் பாதிப்பு பல மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம்.

விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. தேவையில்லாத வேதனை கொடுப்பது அதன்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. கட்டுரையாளர் சொன்னதைக் கேட்டு நாயைத் தூக்கிப் போடுகிறவரைத் தடுக்க அந்த ஐம்பது ரூபாயால் முடியாது. ஆகவே வாசகர்களிடமே கேட்டுக்கொள்கிறேன். நாயைத் தண்ணீருக்குக் கூட்டிப்போகும் முன் நீங்கள் முதலில் இறங்கிப் பாருங்கள். நாய் தன் காலால் ஏறிவர ஓர் இடம் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் வீட்டுக்கு அழைத்துப் போய், பம்புசெட் தண்ணீரில் குளிப்பாட்டிவிடுங்கள்.