பல் டாக்டர் என்ன பூச்சாண்டியா? மிரட்டுவதை நிறுத்துங்கள்!

"ஐயோ அம்மா! நான் வர மாட்டேன்! வீட்டுக்குப் போலாம்!"

சென்னையில் பல் ஆஸ்பத்திரி வாசல்களில் அடிக்கடி கேட்கும் அலறல் இது. தூணைக் கட்டிப் பிடித்தபடி ஒரு பையன். அவன் கையைப் பிரித்தெடுக்க அப்பா ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம். பிள்ளை பிடிக்கிற ஆட்களோ என்று தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

இத்தனைக்கும் பையன் இன்னும் டாக்டரின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கொறடு வாயில் படவில்லை. அப்படியானால் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது?

வேறெங்கும் தேட வேண்டாம். வீட்டிலிருந்துதான்!

"சாப்பிடறியா, இல்லே டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லவா?" "மிட்டாய் தின்னே, பல்லைப் பிடுங்கிடுவாங்க!" இரண்டு வயதிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, ஆறு வயதில் அதே டாக்டர் முன்னால் சிரித்துக் கொண்டே வாயைத் திறக்குமா?

போலீஸ் விஷயத்திலும் இதே கூத்துதான். "போலீஸ் பிடிச்சுட்டுப் போயிடும்" என்று மிரட்டி வளர்த்த குழந்தை, காணும் பொங்கல் கூட்டத்தில் மெரினாவில் தொலைந்து போனால் யாரிடம் போய் உதவி கேட்கும்?

கடைசி நேர ஓட்டம்

பல்லில் கறுப்புப் புள்ளி தெரியும்போது யாரும் அசைவதில்லை. "பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று சமாதானம். அப்புறம் கிராம்பு எண்ணெய், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை. கடைசியில் ராத்திரி முழுக்கத் தூக்கமில்லாமல், கன்னம் பன் மாதிரி வீங்கிய பிறகுதான் ஆட்டோ பிடிக்கிறார்கள். அந்த நிலையில் தொட்டாலே உயிர் போகும். பல் டாக்டர் என்றால் வலி என்று பிள்ளை மனசில் அன்றே பதிந்து விடுகிறது.

பால் பல் மொத்தம் 20. முன் பற்கள் 6, 7 வயதில் விழும். ஆனால் கடைவாய்ப் பால் பற்கள் 10, 12 வயது வரை இருக்க வேண்டியவை. முன்கூட்டியே போய்விட்டால் பக்கத்துப் பல் சாய்ந்து, அடியிலிருந்து வரும் பல்லுக்கு இடமில்லாமல் போகும். 6 வயதில் வாயின் கோடியில் முளைக்கிற கடைவாய்ப் பல்லோ பால் பல்லே அல்ல. அது விழுந்து முளைக்காது. அதையும் பால் பல் என்று நினைத்துச் சொத்தையாக விடும் வீடுகள் ஏராளம்.

வீக்கத்தோடு காய்ச்சலும் வந்து, விழுங்கவோ மூச்சு விடவோ பிள்ளை சிரமப்பட்டால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பொய் எதற்கு?

"ஊசியே கிடையாதுடா, சும்மா பார்ப்பாங்க" என்று ஏமாற்றிக் கூட்டிப் போவது இன்னொரு தப்பு. ஊசி ஏறியதும் அம்மாவும் இதற்கு உடந்தை என்று பிள்ளைக்குத் தெரிந்து விடும். அப்புறம் ஆறு பேர் பிடித்தாலும் அந்த நாற்காலியில் உட்கார வைக்க முடியாது. "சுருக்குன்னு இருக்கும், அப்புறம் மரத்துப் போயிடும், நான் பக்கத்திலேயே நிக்கறேன்" என்று உள்ளதைச் சொன்னால் போதும். ஊசி போடும் இடத்தில் முதலில் மரக்க வைக்கும் ஜெல் தடவுவதும் உண்டு. டாக்டரிடம் கேட்பதில் வெட்கம் என்ன?

டாக்டர்கள் படிக்கும் பாடத்திலேயே பயம் தெளிய வழி இருக்கிறது. முதலில் சொல்வது, பிறகு காட்டுவது, அப்புறம்தான் செய்வது. சின்னக் கண்ணாடியைப் பிள்ளை கையிலேயே கொடுப்பார்கள். பல் தேய்க்கும் சுழல் கருவியை நகத்தில் ஓட்டிக் காட்டுவார்கள். "வலிச்சா கையைத் தூக்கு, நிறுத்திடறேன்" என்பார்கள். சொன்னபடி நிறுத்தவும் வேண்டும்! "காலை அமுக்கிப் பிடிங்க" என்று அதட்டுகிற டாக்டர்களும் இல்லாமல் இல்லை. பல்லைப் பிடுங்கிக்கொண்டு ரத்தப் பஞ்சோடு வரும் பெரியவர்கள் வரிசையிலேயே குழந்தையையும் காக்க வைப்பது என்ன நியாயம்? பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. சீட்டு எழுதும் இடத்திலேயே அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

முதல் தடவை போவது பல் வலிக்காத நாளாக இருக்கட்டும். ஒரு வயதுக்குள் ஒருமுறை காட்டி விடுவது நல்லது என்கிறார்கள் பல் மருத்துவர்கள். பெரிய பிள்ளையானால் நாற்காலியில் ஏறி, பல்லை எண்ணிவிட்டு இறங்கினால் முதல் நாளுக்கு அது போதும். முந்தின நாள் வீட்டில் மடியில் படுக்க வைத்து, ஸ்பூன் காம்பால் விளையாட்டாக எண்ணிப் பார்க்கலாம். "எனக்குப் பிடுங்கினப்போ..." என்று பாட்டி கதை ஆரம்பித்தால் மட்டும் தடுத்து விடுங்கள். அம்மாவுக்கே நடுக்கமென்றால் அத்தையோ சித்தப்பாவோ கூடப் போகட்டும்.

மரத்த உதடு தெளிய இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை சாப்பிடக் கொடுக்காமல் பக்கத்திலேயே இருந்து பார்த்துக் கொள்ளுங்கள். வலி தெரியாமல் பிள்ளை உதட்டையே கடித்துக் கொள்ளும். மறுநாள் உதடு வீங்கி நிற்கும். பழி ஊசி போட்ட டாக்டர் தலையில் விழும்!